வீட்டுக்குள் விழும் அருவி

அம்மா உள்ளே போய்ப் பதினொரு நிமிடம் ஆகிறது. இந்நேரம் அருவிக்கு எதிரில் நின்று கழுத்தை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருப்பாள், வாய் லேசாகத் திறந்திருக்கும், சாரல் முகத்தில் படும்போது கண்ணைச் சுருக்குவாள். நான் வெளியேறும் வழிக்குப் பக்கத்தில், வெயில் நேராக விழுகிற ஒரு சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்து காதில் போனை வைத்துக்கொண்டிருக்கிறேன். போனில் யாரும் இல்லை. அம்மாதான் உள்ளே போய்விட்டாளே, இனி யாருக்காக இதைக் காதில் வைத்திருக்கிறேன் என்று தெரியவில்லை, இருந்தாலும் கையை இறக்கத் தோன்றவில்லை, இறக்கினால் பொய் முடிந்துவிடும் போலிருக்கிறது. ஆபீஸ்ல இருந்து கூப்பிடறாங்கம்மா, நீ உள்ள போயிரு, என்னோட டிக்கெட் போன்லயே இருக்குது, பேசிட்டுப் பின்னாடியே வந்தர்றேன். இப்படித்தான் சொன்னேன். நேற்றிரவு விடுதிப் படுக்கையில் படுத்துக்கொண்டு நாலைந்து தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவைத்த வாக்கியம், அதனால் தடங்கலில்லாமல் வந்தது. லீவு போட்டுட்டு வந்தவனுக்கு என்னடா போனு, ஒரு பொழுது நிம்மதியா விடமாட்டாங்களா என்று அம்மா என் ஆபீஸைத் திட்டினாள். இல்லாத ஒரு மேனேஜருக்கு அம்மா வாயால் திட்டு வாங்கிக் கொடுத்தேன். பிறகு சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வரிசையோடு நகர்ந்து, கண்ணாடிக் கதவுக்குள் போகும் முன் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். போனைக் காதில் வைத்தபடி தலையாட்டினேன். வாங்கியது ஒரே ஒரு சீட்டு. அதுவே அம்மாவுக்கு ஒரு வாரச் சம்பளம்.

அந்தக் கணக்கை அவளிடம் சொல்லவில்லை, அதுவரைக்கும் நல்லது. மற்ற எல்லாவற்றுக்கும் சொன்னேன். சிங்கப்பூரில் இறங்கிய முதல் நாள் மதியம், ஒரு கடையில் தண்ணீர் பாட்டிலைக் காட்டி, நம்மூரு காசுக்கு எத்தன ஆகுது கண்ணு என்று கேட்டாள். கேட்டதைச் சரியாகச் சொல்வதுதான் எனக்குத் தெரிந்தது. படித்ததெல்லாம் அப்படித்தான், கேள்விக்கு விடை, விடைக்கு மதிப்பெண். மனதுக்குள் பெருக்கி, நூத்தி முப்பது ரூவாம்மா என்றேன். பாட்டிலைச் சுடுசட்டியைத் தொட்ட மாதிரி வைத்தாள். தாகமே இல்ல சாமி, சும்மா கேட்டேன். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் டீ எத்தன என்றாள், சொன்னேன். இளநீர் எத்தன என்றாள், சொன்னேன். சொல்லும்போதெல்லாம் ஒரு பெருமைகூட இருந்தது, என் மகன் எங்கே போனாலும் கணக்குத் தெரிந்தவன் என்று நினைப்பாள் என்று. இரண்டாம் நாள் காலையிலிருந்து அவள் எதையும் கேட்பதையே விட்டுவிட்டாள். எதையும் உற்றுப் பார்ப்பதையும் விட்டுவிட்டாள், உற்றுப் பார்த்தால் வேண்டுமா என்று கேட்பேன், கேட்டால் விலை வரும். விடுதிக் குழாயில் பிடித்த தண்ணீரை மட்டும் குடித்தாள், அதையும் ஒரு மிடறு, இரண்டு மிடறு. ஏம்மா இவ்வளவு கம்மியாக் குடிக்கற என்றதற்கு, அடிக்கடி பாத்ரூம் தேடணும், உனக்குத் தொந்தரவு என்றாள். பிறகு தயங்கி, அதுக்கும் காசு வாங்குவாங்களாடா என்று கேட்டாள். இல்லம்மா, அது சும்மாதான் என்றேன். மூன்று நாளில் நான் சொன்ன ஒரே நல்ல விலை அதுதான்.

வெயில் திட்டின் நுனிவரைக்கும் ஏறிவிட்டது, நகர்ந்தால் நிழல் இருக்கிறது, ஆனால் அங்கிருந்து வெளிவாசல் தெரியாது. இருபத்தாறு நிமிடம். முதுகில் வேர்வை இறங்குகிறது. வெளியே வருகிறவர்கள் எல்லாரும் கையைத் தேய்த்துக்கொண்டு, குளிரில் இருந்து வருகிறவர்களாக வருகிறார்கள். அம்மா ஸ்வெட்டர் எதுவும் எடுத்து வரவில்லை. உள்ளே குளிரும் என்று இணையத்தில் போட்டிருந்தது, படித்தேன், சொல்ல மறந்துவிட்டேன், பொய்யைப் பாடம் பண்ணிக்கொண்டிருந்ததில். பனியன் கம்பெனியில் கொதிக்கிற தகரக் கூரைக்குக் கீழே இருபது வருடம் உட்கார்ந்து துணியில் நூல் பிசிறு வெட்டிய உடம்பு, குளிர் தாங்குமா. பிசிறு. அந்தக் கடையை நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன், மனது அங்கேதான் போகிறது. நேற்று சாயங்காலம், பெரிய பெரிய கடைகள் இருக்கிற அந்தத் தெருவில், ஏசியில் கொஞ்சம் குளிர்ந்துகொள்ளட்டும் என்று அம்மாவை ஒரு துணிக்கடைக்குள் கூட்டிப்போனேன். மடித்து அடுக்கியிருந்த டி-ஷர்ட் ஒன்றை அம்மா எடுத்து, உதறி, உள்பக்கம் திருப்பி, தோள்பட்டையில் இருந்து விரலை ஓட்டிக்கொண்டு வந்தாள். மூன்று நாளில் அவள் முகம் முதல்முறையாக அவள் முகமாக இருந்தது. பக்கத் தையலில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. இதையப் பாரு, செக்கிங்ல விட்டுட்டாளுக என்று சொல்லிக்கொண்டே குனிந்து அதைப் பல்லால் கடித்து எடுத்தாள். இடுப்பில் கத்திரி இல்லையே, விமான நிலையத்தில் பிடுங்கிக்கொண்டார்களே. கடைப் பெண் ஒருத்தி எங்களைப் பார்த்தாள். பார்த்தாள், அவ்வளவுதான், சிரித்தாள்கூட என்று நினைக்கிறேன். நான் அம்மாவின் கையைத் தட்டிவிட்டேன். தட்டிவிட்டேன் என்று மெதுவாகச் சொல்கிறேன், வெடுக்கென்று பிடுங்கினேன் என்பதுதான் சரி. வாம்மா போலாம், இதெல்லாம் இங்க பண்ணக் கூடாது. அவள் அந்த டி-ஷர்ட்டைத் திரும்ப மடித்துத்தான் வைத்தாள், இருந்ததைவிட நேராக மடித்து. வெளியே வந்து ரொம்ப தூரம் நடந்த பிறகு, நாக்கு நுனியில் இருந்து அந்த நூலை எடுத்து, எங்கே போடுவது என்று தெரியாமல், முந்தானையில் முடிந்துகொண்டாள். குப்பை போட்டால் அபராதம் என்று முதல் நாளே சொல்லிவைத்திருந்தேன்.

அருவியைப் பார்க்க ஆசைப்பட்டது அவள்தான். ஊரில் எதற்கும் ஆசைப்பட்டு நான் கேட்டதில்லை. என் முதல் சம்பளத்தில் சேலை எடுக்கப் போனபோது, உனக்கு ஒரு பேண்ட் எடு என்றாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் கம்பெனி சூப்பர்வைசரின் மனைவி சிங்கப்பூர் போய்விட்டு வந்து எல்லாருக்கும் போனில் படம் காட்டியிருக்கிறாள். அன்றைக்கு ராத்திரி சோறு போட்டுக்கொண்டே அம்மா கேட்டாள், வூட்டுக்குள்ள எப்பிடிடா அருவி விழுகும் பூபதி? மேல இருந்து அவ்வளவு தண்ணி விழுகுது, கண்ணாடி வூடு, சுத்தி அடைச்சிருக்குது, விழுகற தண்ணி எங்க போகும்? அப்பா சிரித்தார். அப்பா சாயப்பட்டறையில் இருந்தவர், தண்ணீர் எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும், நீலமும் சிவப்புமாக ஆற்றுக்குப் போகும். உம்பையன் எஞ்சினியருதான, அவனக் கேளு துளசிமணி என்றார். எனக்குத் தெரியவில்லை, தெரியாது என்றேன். கூட்டிட்டுப் போயிக் காட்டறேன், நேராப் பாத்துக்க என்றேன். சும்மா சொன்ன வார்த்தை. அவள் அதை விடவில்லை, திரும்பக் கேட்கவும் இல்லை, ஆனால் ஒருநாள் பக்கத்துவீட்டு அக்காவிடம், எம்பையன் கூட்டிட்டுப் போறேன்னிருக்கறான் என்று சொல்வது காதில் விழுந்தது. பிறகு மலிவு விலையில் விமானச் சீட்டு வந்தது, ரெண்டு பேருக்கே காசு இழுத்துப் பறிக்கும், நான் எதுக்கு என்று அப்பா தானாகவே விலகிக்கொண்டார், ஒரு அறையில் எட்டுப் பேர் படுக்கிற விடுதி கிடைத்தது, ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி. மூன்று இரவும் அம்மா பாஷை தெரியாத பெண்களோடு படுத்தாள். தூங்குனியாம்மா என்றால், நல்லாத் தூங்குனேன், ஒரு சைனாக்காரப் புள்ள எனக்குப் போத்தி உட்டுச்சு என்றாள். எல்லாம் இந்த அருவிக்காக. மற்ற இடமெல்லாம் சும்மா பார்க்கிற இடமாகத் தேர்ந்தெடுத்தேன், வெளியே நின்று பார்க்கிற கட்டடங்கள், வெளியே நின்று பார்க்கிற ஓட்டல்கள். காசு கொடுத்து உள்ளே போவது இந்த ஒன்றுதான். இரண்டு சீட்டுக்குப் பணம் ஒதுக்கித்தான் புறப்பட்டேன். விடுதியில் சாவிக்கு முன்பணம் என்று ஒன்று கேட்டார்கள், நான் எதிர்பார்க்கவில்லை, பெட்டியை எடுக்கத் திரும்பிப் போகும்போதுதான் அது கிடைக்கும், மூன்றாம் நாள் பார்த்தால் ஒரு சீட்டுக்குத்தான் இருந்தது. அது முழு உண்மை இல்லை. பாஸ்போர்ட் உறைக்குள் ஐம்பது சிங்கப்பூர் வெள்ளி நோட்டு ஒன்று நாலாக மடித்து இருக்கிறது, ஆபத்துக்கு என்று. இது ஆபத்தா என்று நேற்றிரவு முழுக்க யோசித்தேன். இல்லை என்று முடிவு செய்தேன்.

நாற்பத்தெட்டு நிமிடம். போனை எப்போது காதிலிருந்து எடுத்தேன் என்று நினைவில்லை, இப்போது மடியில் இருக்கிறது, அருவியைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அம்மா கேட்டால் சொல்ல வேண்டும். நானும் வந்தேன்மா, வேற பக்கமாப் போயிட்டேன், கூட்டத்துல உன்னக் காணோம். எப்படி இருந்துச்சு என்றால் முப்பத்தைந்து மீட்டர் உயரம், மேலே போக லிஃப்ட், மேகம் மாதிரிப் புகை விடுவார்கள், சுற்றிச் சுற்றிப் பாலத்தில் இறங்கி வர வேண்டும். பரீட்சைக்கு முன்னால் படிக்கிற மாதிரி இரண்டு தடவை படித்தேன். விழுகிற தண்ணீரை வடிகட்டிக் குழாய் வழியாகத் திரும்ப மேலே ஏற்றுகிறார்கள் என்றும் யாரோ எழுதியிருந்தார்கள். இரண்டு வருடத்துக் கேள்விக்கு இரண்டு நிமிடத்தில் விடை. இது ஊரில் உட்கார்ந்தே தெரிந்திருக்கும், ஒருநாளும் தேடிப் பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. அம்மாவோடு வரிசையில் நின்றிருந்த சிவப்புத் தொப்பிக்காரர் வெளியே வந்துவிட்டார், அவர் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். அம்மாவைக் காணோம். லிஃப்டில் ஏறத் தெரியாமல் நிற்கிறாளோ. பாலத்தில் தலைசுற்றிவிட்டதோ, காலையிலிருந்து இரண்டு இட்லியும் நாலு மிடறு தண்ணீரும்தான். அவளிடம் போன் இருக்கிறது, அதில் இந்த ஊர் சிம் இல்லை, ஒரு சிம் போதும், எப்பவும் ரெண்டு பேரும் சேர்ந்துதானே இருப்போம் என்று நான்தான் சொன்னேன். போய்த் தேடலாமா என்று எழுந்தேன், நான் போகிற நேரத்தில் அவள் வெளியே வந்துவிட்டால் என்று உட்கார்ந்தேன். நகரக் கூடாது. அவிநாசித் தேர்த் திருவிழாவில் தொலைந்தபோது கற்றது. எனக்கு ஏழு வயது. கூட்டம் ஒரு அலை அடித்தது, அம்மா கை நழுவியது. தொலஞ்சு போனா அங்கிங்கே ஓடாத, விட்ட எடத்துலயே நில்லு, தேடறவங்க திரும்பி அங்கதான் வருவாங்க என்று பஸ்ஸில் வரும்போதே சொல்லிவைத்திருந்தாள். ஒரு மோர்ப்பந்தலின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றுக்கு வந்தது, நகரவில்லை, நின்ற இடத்திலேயே போனேன். ஒருவர் போலீஸிடம் கூட்டிப் போகிறேன் என்றார், வரமாட்டேன் என்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, தேர் நிலைக்கு வந்துவிட்டது. அம்மா வந்தாள், அடிக்கவில்லை, நனைந்த டவுசரைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டாள். நீ நவுராம நின்னயே சாமி, அதனாலதான் கெடச்ச. அதற்குப் பிறகு எங்கே போனாலும் அதுதான் எங்களுக்குள் சட்டம். பெரியாஸ்பத்திரியிலும், பழனிப் படியிலும், நான் கல்லூரியில் சேர்ந்த அன்று அந்தப் பெரிய கட்டடத்திலும் விட்ட இடத்தில் நிற்பதுதான். விட்ட இடம். அம்மாவை நான் எங்கே விட்டேன்.

ஓடினேன். கட்டடத்தை முழுக்கச் சுற்றிக்கொண்டு வர வேண்டும், அவ்வளவு பெரிய கண்ணாடி, உள்ளே பச்சை பச்சையாக ஏதோ தெரிகிறது, நான் அதைப் பார்க்கவில்லை. நுழைவாசலில் நீள வரிசை. கயிற்றுக்கு இந்தப் பக்கமாக நின்று எட்டிப் பார்த்தேன். கண்ணாடிக் கதவைத் தாண்டி ஏழெட்டு அடியில், சுவரோரம் ஒரு பெஞ்சு, அதில் அம்மா. எதிரில் ஒரு திருப்பம், கூட்டம் அந்தத் திருப்பத்தில் திரும்பித்தான் அருவிக்குப் போகிறது, அவள் இடத்தில் இருந்து அருவி தெரியாது. முந்தானையால் இரண்டு தோளையும் போர்த்திக்கொண்டிருந்தாள். வேஸ்ட் துணியில் அவளே தைத்த பையைப் பக்கத்தில் வைத்து எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள், பஸ்ஸில் பிடிப்பது போல. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் தலையை நிமிர்த்தி வருகிறவர் முகத்தைப் பார்த்தாள். சீட்டைச் சரிபார்க்கும் இடத்தில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், சட்டையில் பேர் தமிழ்ப் பேராக இருந்தது. என் முகத்தைப் பார்த்தே கேட்டார், தம்பி, அவங்க உங்க அம்மாவா? மூணு தடவ சொல்லிட்டேன் உள்ள போய்ப் பாருங்கம்மான்னு, மகன் வரட்டும், சேந்து பாக்கறோம்ங்கறாங்க, எனக்கு முறுக்குகூடக் குடுத்தாங்க. அவரே தொடர்ந்தார். நீங்க டிக்கெட் எடுக்கலையா, கவுண்டர்ல இப்ப கூட்டமில்ல, சட்டுனு ஒரு டிக்கெட் எடுத்துட்டு வாங்க, இன்னும் நேரமிருக்கு.

நேரமிருந்தது. அரைமணி நேரம் பார்த்துவிட்டுப் புறப்பட்டாலும் விமானத்தைப் பிடித்திருக்கலாம், இப்போது கணக்குப் போட்டால் தெரிகிறது, அப்போதும் தெரிந்தது. பாஸ்போர்ட் உறையைத் தொட்டேன். ஐம்பது வெள்ளி இருந்தது, அதுவும் போதும். பணம் என்னைத் தடுக்கவில்லை. இந்த நேரத்தில் கையில் புதிதாக ஒரு சீட்டோடு உள்ளே போனால், இதுவரை என்னிடம் சீட்டு இல்லை என்பது அம்மாவுக்குத் தெரிந்துவிடும், ஆபீஸ் போன் தெரிந்துவிடும், காதில் வைத்திருந்த வெறும் போன் தெரிந்துவிடும். பொய் சொல்லத் தெரியாத பையன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அந்தப் பேருக்காகத்தான். அவளுடைய அருவியைக் கொடுத்து அந்தப் பேரை நான் வைத்துக்கொண்டேன். இல்லீங்க, எங்களுக்கு ஃப்ளைட்டுக்கு நேரமாச்சு என்றேன். பிறகு, இதைச் சொன்னவனும் நான்தான், நான் இங்க வந்தேன்னு அவங்ககிட்டச் சொல்ல வேண்டாங்க, வெளிய வர்ற வழிய மட்டும் காட்டி விட்டுருங்க என்றேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நேற்றுக் கடைப் பெண் அம்மாவைப் பார்த்ததற்கே நான் அம்மா கையைப் பிடுங்கினேனே, இது அந்தப் பார்வை இல்லை. சரி என்று மட்டும் சொன்னார்.

திரும்ப ஓடி வந்து அதே திட்டில் உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியது, வாங்காத மாதிரி இருக்கப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அம்மா வந்தாள், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு. சாரல் பட்டுச் சுருங்கும் கண் என்று நினைத்திருந்தேன் அல்லவா, இதுதான் அது. எழுந்து போய், பாத்தியாம்மா என்றேன்.

"பாத்தனே கண்ணு" என்றாள். "நீயி?"

"நானும் பாத்தேன். வேற பக்கமாப் போயிட்டேன், உன்னையத்தான் காணோம்."

"கூட்டம்" என்றாள். "என்ன கூட்டம்." பிறகு வழக்கம்போல என் முதுகில் ஒட்டியிருந்த சிமெண்டுத் தூசியைத் தட்டக் கையை வைத்தாள். ஐஸ் மாதிரி இருந்தது கை. என் சட்டை பிழிந்தால் தண்ணீர் வரும்போல நனைந்திருந்தது. அவள் உள்ளங்கை அந்த ஈரத்தில் பட்டு, தட்டாமல், அப்படியே நின்றது. உள்ளே எவ்வளவு குளிர் என்று அவளுக்குத் தெரியும். நான் முன்னால் நடந்தேன். பஸ் நிறுத்தத்துக்குப் போகிற வழியில் ஒரு பெட்டிக்கடை போல இருந்தது, அந்த ஐம்பது வெள்ளி நோட்டை மாற்றி ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். எத்தன என்று அவள் கேட்கவில்லை. நின்ற இடத்திலேயே முழுப் பாட்டிலையும் குடித்தாள். தொண்டை ஏறி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லிவிடலாம், இப்போது சொல்லிவிடலாம், நீ என்னம்மா பாத்த, நான் ஒண்ணுமே பாக்கல என்று. பஸ் வந்தது, ஏறினோம், பக்கத்து இருக்கையில் பையை வைத்து, நான் வந்ததும் எடுத்துக்கொண்டாள். கண்ணாடிக் கட்டடம் ஜன்னலில் பின்னால் போய்க்கொண்டிருந்தது. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேறு ஒன்று வந்தது.

"விழுகற தண்ணி எங்கம்மா போகுது?"

அம்மா ஜன்னலைப் பார்த்தாள். முந்தானை முடிச்சை விரலால் தடவிக்கொண்டிருந்தாள், நேற்றைய நூல் இன்னும் அதற்குள்தான் இருக்க வேண்டும். பிறகு மறுபடியும் என் முதுகில் கையை வைத்தாள். இன்னும் சூடு ஏறாத கை.

"நீயுந்தான பாத்த" என்றாள். "நீயே சொல்லு கண்ணு."